குருவித் தட்டுக்கு இடம் மாற்றம்

கொய்யாக் கிளையில் தொங்கிய தீனித் தட்டுக்குச் சிட்டுக்குருவிகள் வரத் தயங்கின. அடியிலேயே செம்பருத்திப் புதர். அதற்குள் பக்கத்து வீட்டுப் பூனை. இப்போது வழுவழுப்பான இரும்புக் குழாய் நட்டு, ஆள் உயரத்தில் தட்டை வைத்திருக்கிறேன். புதர் பத்தடி தள்ளி இருக்கிறது. பூனை பாய்ந்தால் எட்டாது. வல்லூறு வட்டமிட்டால் குருவி பறந்து ஒளிய எட்டும்.

ஜன்னல் கண்ணாடிதான் யோசிக்க வைத்தது. தட்டு கண்ணாடிக்கு மூன்றடிக்குள் இருக்க வேண்டும், இல்லையேல் முப்பதடிக்கு அப்பால் போக வேண்டும். இடைப்பட்ட தொலைவில்தான் மிரண்ட பறவை வேகமெடுத்து வந்து மோதும். முப்பதடிக்கு எங்கள் தோட்டத்தில் எங்கே போவது? ஜன்னலுக்கு இரண்டடியில் நட்டுவிட்டேன்.

கம்பும் நொய்யரிசியும் காலையிலேயே தீர்ந்துவிடுகின்றன. ஜன்னல் கம்பியிலிருந்து தாவும் அணிலும் பங்கு கேட்கிறது. தின்றுவிட்டுப் போகட்டும்.