ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை: பழைய செவர்லே பிக்கப் டிரக்கில் கரண்ட் எங்கே நிற்கிறது?

பழைய டிரக் ஒரு நாள் காலையில் அடம்பிடித்தால் நம்மில் பலர் முதலில் செய்வது, கடைக்குப் போய் பிளக், கேப், ரோட்டர், காயில் என்று கையில் கிடைத்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வருவதுதான். நானும் அப்படித்தான் செய்தேன். இருநூறு டாலர் போனது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது, வண்டி கிளம்பவில்லை. கடைசியில் பார்த்தால், முந்தின வாரம் என்ஜினைத் துடைக்கிறேன் பேர்வழி என்று நானே பிடுங்கிய ஒரு கனெக்டரை முழுசாக அழுத்தாமல் விட்டிருக்கிறேன். டெஸ்ட் லைட் ஒன்று கையில் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

அதனால் இந்தப் பதிவில் எதையும் வாங்குவதற்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். எடுத்துக்கொள்வது 1970களின் கடைசியில் வந்த செவர்லே சி10, உள்ளே 350 வி8, அதாவது 5.7 லிட்டர் என்ஜின். 1975 மாடலிலிருந்து ஜி.எம். (செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளில் பழைய பாயிண்ட் செட்டுக்கு (காயிலின் கரண்டை விட்டு விட்டு வெட்டும் மெக்கானிக்கல் காண்டாக்ட்) பதிலாக ஹெச்.இ.ஐ. என்ற எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டைத் தயாரிக்கும் காயில், அதன் கரண்டை விட்டு விட்டு வெட்டும் மாட்யூல், எப்போது வெட்ட வேண்டும் என்று மாட்யூலுக்குச் சிக்னல் கொடுக்கும் பிக்கப் காயில் எல்லாமே, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், வெளியே தேடி அலைய வேண்டாம். அதன் மேல்மூடிதான் கேப், உள்ளே சுற்றுவது ரோட்டர். ஒரே சங்கடம், அந்த டிஸ்ட்ரிபியூட்டர் என்ஜினின் பின்பக்கம், ஃபயர்வாலை (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) ஒட்டி இருக்கிறது. குட்டையானவர்கள் ஒரு ஸ்டூல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை: பல்பு வைத்த டெஸ்ட் லைட் (எல்.இ.டி. வேண்டாம்), மல்டிமீட்டர், ஹெச்.இ.ஐ.க்கு ஏற்ற ஸ்பார்க் டெஸ்டர், சாவி திருப்ப ஓர் ஆள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை பார்க்கில் வையுங்கள். பிளக் வயரைக் கையில் பிடித்துப் பார்க்கிற பழைய வீரமெல்லாம் இங்கே வேண்டாம், இதில் வருவது பல்லாயிரம் வோல்ட். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

இக்னிஷன்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஸ்டார்ட்டரே சுற்றவில்லை என்றால் அது பேட்டரி, கேபிள், ஸ்டார்ட்டர் சமாசாரம். இந்தப் பதிவு அதற்கில்லை. சுற்றுகிறது ஆனால் பிடிக்கவில்லை என்றால், சாவியை அணைத்துவிட்டு ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டருக்குள் பார்த்துக்கொண்டே கையால் திராட்டிலை இழுங்கள். பெட்ரோல் பீய்ச்சி அடித்தால் பெட்ரோல் வருகிறது என்று அர்த்தம். வரவில்லையா? பெட்ரோல் பக்கம் போங்கள்.

ஸ்பார்க் இருக்கிறதா?

ஏர் கிளீனரைத் திரும்ப மாட்டிவிட்டு, ஒரு பிளக் வயரைக் கழற்றி ஸ்பார்க் டெஸ்டரில் மாட்டி, அதன் கிளிப்பை என்ஜினின் நல்ல இரும்புப் பகுதியில் எர்த் கொடுங்கள். கார்புரேட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம், அங்கேதான் பெட்ரோல் ஆவி. உதவிக்கு வந்தவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். நீலமும் வெள்ளையுமாகப் பளிச்சென்று, சடசடவென்று சத்தத்தோடு பாய்ந்தால் நல்லது. மெலிந்து ஆரஞ்சு நிறத்தில் வந்தால் பலவீனம். இன்னொரு வயரிலும் பாருங்கள், ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்.

ஸ்பார்க்கே இல்லையென்றால் 12 வோல்ட் வருகிறதா?

கேப்பின் ஓரத்தில் 'பேட்' (BAT) என்று ஆங்கில எழுத்தில் குறித்த டெர்மினல் இருக்கும், தடித்த பிங்க் வயர் வந்து சேரும் இடம் (நான் சரியாக அழுத்தாமல் விட்டது இதைத்தான்). டெஸ்ட் லைட்டின் கிளிப்பை எர்த்தில் போட்டு, சாவியை ஆன் செய்து, முனையை அங்கே வையுங்கள். பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். அதோடு நிறுத்திவிடாதீர்கள், ஸ்டார்ட்டர் அடிக்கும்போதும் எரிகிறதா என்று பாருங்கள். சாவி ஆனில் கரண்ட் கொடுத்து, ஸ்டார்ட் பக்கம் திருப்பியதும் வெட்டிவிடுகிற தேய்ந்த இக்னிஷன் ஸ்விட்சுகள் உண்டு. மீட்டர் வைத்தால், ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. போனால் முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள்.

1975க்கு முந்தைய டிரக்கில் யாரோ ஹெச்.இ.ஐ. மாட்டியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். பாயிண்ட் செட் காலத்து வண்டியில் காயிலுக்குப் போகிற வயரே ஒரு ரெசிஸ்டன்ஸ் வயர். அதை மாற்றாமல் அப்படியே இதற்குக் கொடுத்திருந்தால் முழு 12 வோல்ட் வராது, வண்டி அரைகுறையாக ஓடி உயிரை வாங்கும்.

மாட்யூல் வேலை செய்கிறதா?

'பேட்' பக்கத்திலேயே 'டேக்' (TACH) என்று இன்னொரு டெர்மினல். இப்போது டெஸ்ட் லைட்டின் கிளிப்பைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டுங்கள், முனையை 'டேக்'கில் வைத்து ஸ்டார்ட்டர் அடியுங்கள். பல்பு மினுக் மினுக்கென்று விட்டு விட்டு எரிந்தால் மாட்யூலும் பிக்கப் காயிலும் தங்கள் வேலையைச் செய்கின்றன, கோளாறு கேப், ரோட்டர், காயில் பக்கம். மினுக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்று. இந்த 'டேக்' டெர்மினலை மட்டும் மறந்தும் நேராக எர்த்தில் தொடவிடாதீர்கள், மாட்யூல் போய்விடும்.

கேப்பைத் திறப்போம்

சாவியை அணைத்து, நான்கு மூலைத் தாழ்களையும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தித் திருப்பினால் கேப் தூக்கி வந்துவிடும். உள்ளே நடுவில் ஒரு கரிப் பொத்தான் இருக்கும், அது உடைந்தோ தேய்ந்தோ இருக்கிறதா? பென்சில் கோடு மாதிரி கருப்பு விரிசல் ஓடுகிறதா? ரோட்டரின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். நடுவில் ஊசி குத்தினது மாதிரி ஒரு கருகிய புள்ளி இருந்தால் ஸ்பார்க் பிளக்குக்குப் போகாமல் அந்த ஓட்டை வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டுக்கு இறங்குகிறது. மேலிருந்து பார்த்தால் ரோட்டர் புதிது போலவே இருக்கும், அதனால்தான் கவிழ்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இனி பிக்கப் காயில். பச்சையும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய வயர்கள் மாட்யூலுக்குப் போகும். அந்தக் கனெக்டரைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவே மீட்டரில் ஓம் பாருங்கள்: 500க்கும் 1500க்கும் இடையில் இருக்க வேண்டும். இரண்டில் எதை எர்த்தோடு சேர்த்துப் பார்த்தாலும் மீட்டர் எதுவும் காட்டக்கூடாது. மீட்டரைக் கழற்றாமலே, வேக்குவம் அட்வான்ஸ் (ஸ்பார்க் நேரத்தை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன வட்டப் பெட்டி) ஹோஸில் வாயை வைத்து உறிஞ்சுங்கள், உள்ளே தட்டு லேசாகத் திரும்பும். அப்போது அளவு குதித்தாலோ காணாமல் போனாலோ உங்கள் திருடன் அகப்பட்டான். வண்டி ஓட ஓட அந்தத் தட்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பதால், வருடக்கணக்கில் அந்த வயர்கள் வளைந்து நிமிர்ந்து, மேல் உறை நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு அறுந்துபோகும். நின்ற வண்டியில் சரியாகக் காட்டும், ஓட்டினால் திணறும். இதை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்ற வேண்டும் என்பதால், புதியவர்கள் இந்த இடத்தில் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிடுவது நல்லது.

காயிலைப் பார்ப்பது சுலபம். 'பேட்'டுக்கும் 'டேக்'குக்கும் நடுவே 1 ஓமுக்குக் கீழே, நடுப் பொத்தானிலிருந்து 'டேக்'குக்கு 6,000 முதல் 30,000 ஓம் வரை.

பிக்கப் சரி, ஆனால் பல்பு மினுக்கவில்லை என்றால் மாட்யூல். அமெரிக்காவில் பல பாகக் கடைகளில் இலவசமாகச் சோதித்துத் தருவார்கள். ஒரு தடவை போதாது, சூடேறும் வரை நாலைந்து தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டில் மட்டும் சாகும் மாட்யூல்தான் நிறைய. ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நின்று, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பினால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். புதியதை மாட்டும்போது அடியில் சூடு கடத்தும் வெள்ளைப் பசையைத் தடவ மறக்காதீர்கள். ஒருமுறை 'அது எதற்கு, இரண்டு ஸ்க்ரூதானே' என்று மாட்டிவிட்டுப் போனேன். நெடுஞ்சாலையில் நின்று, டோ வண்டிக்குக் காத்திருந்தபோதுதான் எதற்கு என்று புரிந்தது.

ஸ்பார்க் இருக்கிறது, ஆனால் திணறுகிறது

ராத்திரி இருட்டில் பானெட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். கசியும் வயர்கள் நீலமாக மின்னும். பிளக்கைக் கழற்றினால் இடைவெளி 0.045 அங்குலம், சுமார் 1.1 மில்லிமீட்டர். முனை நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் அந்த சிலிண்டர் எரியவில்லை, காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்.

வயர் வரிசை, அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-8-4-3-6-5-7-2, ரோட்டர் சுற்றுவது கடிகார முள் சுற்றும் பக்கம். டிரைவர் பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. மறுபக்கம் 2, 4, 6, 8. வரிசையைப் பாருங்கள், ஐந்தும் ஏழும் அடுத்தடுத்து எரிகின்றன, பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் வேறு. அந்த இரண்டு வயர்களும் ஒட்டிக்கொண்டு ஓடினால் ஒன்றின் ஸ்பார்க் மற்றதைத் தூண்டிவிடும், வயர் புதியதாக இருந்தாலும். பிளாஸ்டிக் கிளிப் போட்டு இரண்டையும் தள்ளி வையுங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி எண் எழுதிக்கொள்ளுங்கள், 'ஞாபகம் இருக்கும்' என்று நினைக்கிறவர்களுக்கு எட்டு வயர் ரொம்ப அதிகம்.