எடை குறைக்கும் ஊசி போடுகிறவர்கள் விரதம் இருப்பதற்கு முன்னால்

போன காவடி விரதத்தின்போது தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து சாட்ஸ்வர்த்தில் பெரியம்மா பூஜையில் நின்ற இடத்திலேயே வியர்த்துக்கொட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டார். கையில் நடுக்கம். மெஷினில் பார்த்தால் சுகர் 2.9 mmol/L (சுமார் 52 mg/dL). வாராவாரம் போடும் ஓஸெம்பிக் ஊசியோடு பழைய சர்க்கரை நோய் மாத்திரையான கிளிக்லசைடையும் வழக்கம்போல விழுங்கியிருக்கிறார், காலையிலிருந்து வயிற்றுக்குள் போனது ஒரு டம்ளர் பால்தான்.

இதில் ஊசியை மட்டும் குறை சொல்ல முடியாது. ஓஸெம்பிக்கில் இருக்கும் செமாகுளுடைட், சர்க்கரை ஏறும்போதுதான் இன்சுலினைச் சுரக்கவைக்கும். கிளிக்லசைடு, கிளிமெபிரைடு மாதிரி மாத்திரைகள் அப்படியில்லை, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை விரட்டிக்கொண்டே இருக்கும். ஊசி பசியை அடக்கிவிடுவதால் பசி என்ற எச்சரிக்கையும் தெரியாமல் போகலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். அதனால் விரதத்துக்கு ஓரிரு வாரம் முன்பே டாக்டரிடம் போய், எந்த மாத்திரையை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாகவே எதையும் நிறுத்தாதீர்கள். ஃபோர்சிகா, ஜார்டியன்ஸ் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள், பட்டினி கிடந்தால் சுகர் அதிகம் ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து ஆபத்தாகிவிடும்.

சுகர் 4 mmol/L-க்குக் (சுமார் 72 mg/dL) கீழே போனால் விரதம் அங்கேயே முடிந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான், பெரியம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன்.

அப்புறம் ஊசி வாங்குவது. வாட்ஸ்அப்பில் யாரோ பாதி விலைக்குத் தருகிறார்கள் என்று தயவுசெய்து வாங்காதீர்கள். போலி செமாகுளுடைட் பற்றி 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரித்தது. ஓஸெம்பிக் ஊசி, மருந்து நிரப்பிய பேனா மாதிரியான கருவியாக மட்டும்தான் வரும், அதே பெயரில் சின்னக் குப்பியில் மருந்தும் தனி சிரிஞ்சும் கொடுத்தால் அது போலி. அக்கா தங்கையாக இருந்தாலும் ஒரே பேனாவை இரண்டு பேர் போடக்கூடாது, ஊசிமுனையை மாற்றினாலும் ரத்தத்தில் பரவும் நோய் தொற்றலாம். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கரண்ட் போன நேரத்தில் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், உறைந்துபோன பேனாவைத் தூக்கிப்போடுங்கள், டர்பன் வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஆபரேஷன் இருந்தால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் ஊசி போடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள், வயிறு மெதுவாகக் காலியாவதால் சாப்பிட்டது மூச்சுக்குழாயில் போய்விடலாம். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் செமாகுளுடைட்டைக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

கொஞ்சம் குமட்டல், மலச்சிக்கல் சகஜம். ஆனால் மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகு வரை போகும் கடும் வலி, நிற்காத வாந்தி, பார்வை திடீரென்று மங்குவது, இதில் எது வந்தாலும் அடுத்த ஊசியைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தென்னாப்பிரிக்காவில் ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் 10177, மொபைலில் இருந்து 112.