கோர்ட்டுக்குப் போகும் முன் பேசி முடிக்க வேண்டியவை

சென்னையில் இப்போது மகள் அழுதுகொண்டே போன் செய்தால் "கிளம்பி வந்துடும்மா" என்று சொல்லும் பெற்றோர் நிறைய. பெண் கையில் சம்பளம் இருக்கிறது, ஊர் வாய்க்குப் பயந்து சகித்துக்கிடப்பது குறைந்துவிட்டது. நல்ல மாற்றம்தான் இது. ஆனால் பிரிவது என்று முடிவெடுத்த பிறகு அவசரமாக விவாகரத்து மனுப் போட்டுவிட்டு, அப்புறம் நகைக்கும் பிள்ளைக்கும் வருஷக்கணக்கில் சண்டை போடுகிறார்களே, அதுதான் மனசை வருத்துகிறது.

இருவருக்கும் சம்மதம் என்றால் இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்த்த 13பி பிரிவு இருக்கிறது (கிறிஸ்தவ, முஸ்லிம் திருமணங்களுக்குச் சட்டம் வேறு). அதற்கு ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். வாடகைக்குப் பயந்து ஒரே ஃபிளாட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிவுதான் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நல நீதிமன்றத்தில் சேர்ந்து மனுப் போட்டால், ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். நடுவில் ஒருவர் மனம் மாறினால் மனு நிற்காது. அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்தது, ஆனால் ஜீவனாம்சம், பிள்ளை விஷயமெல்லாம் ஏற்கெனவே தீர்ந்திருக்கிறதா என்று நீதிபதி பார்ப்பார்.

அதனால் முதலில் உட்கார்ந்து எழுதுங்கள். தாய் வீட்டில் போட்ட நகை எத்தனை சவரன், எது அடகில் இருக்கிறது, சீர் பாத்திரம், பீரோ யாரிடம் என்று ஒன்று விடாமல். ஹோம் லோன் இருவர் பெயரிலும் இருந்தால் வங்கியில் தனியாகப் பேச வேண்டும், விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காக வங்கி யாரையும் விட்டுவிடாது. குழந்தை யாரிடம், ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுவது, தீபாவளி பொங்கலுக்கு எங்கே, இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். தாத்தா பாட்டியும் பார்க்க வருவார்கள் என்று சேர்த்து எழுதுங்கள். பிள்ளையிடம் "அப்பாகிட்ட போய்ச் சொல்லு" என்று தூது மட்டும் அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

அடி உதை இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சுவார்த்தையே வேண்டாம். பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்யுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச உதவி உண்டு.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகல் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். பிஎஃப், இன்சூரன்ஸ் நாமினி பெயரை அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.