தாடை மூட்டின் ‘டக்’ ஒலி: டிஸ்க் விலகுவதும் திரும்புவதும்

வாய்மொழித் தேர்வில், வாய் திறக்கும்போது கேட்கும் ‘டக்’ ஒலி, மூட்டின் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் நழுவுவதால் வருகிறது என்று சொல்லித் திட்டு வாங்கியவன் நான். அது நேர்மாறானது என்பது பிறகு ஒரு கைக்குட்டையால்தான் விளங்கியது.

முதலில் உங்கள் தாடையையே தொட்டுப் பாருங்கள். காதுத் துளைக்கு முன்னுள்ள சிறு மேட்டிலிருந்து கண்ணின் வெளி ஓரத்தை நோக்கி ஏறத்தாழ 1 செ.மீ. தள்ளி, இருபுறமும் விரல் வைத்து மெல்ல வாயைத் திறக்க வேண்டும். முதல் 20–25 மி.மீ. வரை கான்டைல், அதாவது மூட்டில் பொருந்தும் கீழ்த்தாடை எலும்பின் உருண்ட மேல்முனை, பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுழலும். அதன்பின் டிஸ்க்கோடு சேர்ந்து முன்னோக்கிச் சரிவில் இறங்கும்போது விரலடியில் ஒரு பள்ளம் விழும்.

இனி கைக்குட்டை. அதைத் தடித்த பட்டையாக மடித்து மேசையில் வைத்து, அதற்குப் பின்னால் முஷ்டியை வையுங்கள். கைக்குட்டைதான் டிஸ்க், முஷ்டிதான் கான்டைல்: வாய் மூடியிருக்கையில் டிஸ்க் முன்னே நழுவிக் கிடக்கும் நிலை இதுதான். முஷ்டியை முன்னே தள்ளினால் அது தடித்த பின்விளிம்பில் ஏறி நடுவில் வந்து அமரும். திறக்கும்போது கேட்கும் ஒலி இந்த ஏற்றம், அதாவது டிஸ்க் மீண்டும் உரிய இடத்துக்கு வருவது. மூடும்போது கடைசியில் கேட்கும் மெல்லிய ஒலிதான் அது நழுவுவது.

முஷ்டி ஏறவே முடியாவிட்டால் ஒலியும் இராது. ஆகவே, “சத்தம் நின்னுடுச்சு டாக்டர், ஆனா வாய்தான் திறக்கல” என்று ஒருவர் சொன்னால் அதைக் குணமென்று எண்ணிவிடக் கூடாது. இந்நிலையில் வாய் பெரும்பாலும் 25–30 மி.மீ. அளவே திறக்கும், அந்தப் பக்கக் கான்டைல் சறுக்காததால் முகவாய் அதே பக்கமாகக் கோணி, நடுக்கோட்டுக்குத் திரும்பாமல் நிற்கும்.

வாய்த் திறப்பை அளப்பதற்கு வெர்னியர் அளவுகோல் தேவையே இல்லை. பிளாஸ்டிக் அடிக்கோல் போதும், ஆனால் சுழியத்துக்கு முன்னுள்ள வெற்று விளிம்பை வெட்டிவிடுங்கள். முன்பற்களின் விளிம்புகளுக்கு இடையிலான தூரத்தோடு, மேற்பல் கீழ்ப்பல்லை மூடும் அளவையும் கூட்ட வேண்டும். பெரியவர்களில் மொத்தம் 40 மி.மீ.க்குக் குறைந்தால் திறப்பு குறைவு எனக் கொள்ளலாம்.

பின்சேர்க்கை: 38 மி.மீ. கண்டு பதறி எழுதிய வாசகர் அந்த மேற்கவிப்பைக் கூட்ட மறந்திருந்தார். மணல் அரைபடுவதுபோன்ற ஒலியைப் பற்றிக் கேட்டவருக்கு: அது ‘டக்’ ஒலியன்று, மூட்டுப் பரப்பு தேய்ந்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம், அதற்கு மட்டும் ஸ்டெதாஸ்கோப்பை எடுங்கள். வலியோ திறப்புக் குறைவோ இல்லாத வெறும் ‘டக்’ ஒலிக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படுவதில்லை.