டெக்சாஸில் பன்றி வேட்டைக்குக் கூப்பிட்டால்

டெக்சாஸுக்கு வந்த கொஞ்ச நாளில் ஆபீஸ் நண்பர் யாராவது, "சனிக்கிழமை எங்க மாமனார் பண்ணைக்கு வாங்க, பன்றி சுடலாம்" என்பார். ஒரே ராத்திரியில் கடலைக்காட்டைப் பன்றி உழுது போட்டதை ஊரில் பார்த்தவர்களுக்கு, இங்கே ஏன் இப்படி விரட்டி விரட்டிச் சுடுகிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

போகலாம். ஆனால் முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். 2019 செப்டம்பரிலிருந்து, நிலத்துக்காரர் சம்மதம் இருந்தால் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமம் வேண்டாம். நண்பரும் அதைத்தான் சொல்வார். அவரளவில் அது சரி. எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாக்காரர்களுக்கோ துப்பாக்கியையும் தோட்டாவையும் கையில் வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் நடைமுறை விலக்கு, செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம். பன்றிக்குத் தேவைப்படாத அந்தக் காகிதம் உங்களுக்குத் தேவை! டெக்சாஸின் வருட உரிமம் ஆகஸ்ட் 31-இல் முடிந்துவிடும், எப்போது வாங்கினாலும். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இனி துப்பாக்கி. கையில் கொடுப்பது பெரும்பாலும் ஏஆர்-15 ஆக இருக்கும்; ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள் அது. ஒரு வெடிக்குப் பிறகு காலிக்கூடு பாதியில் சிக்கினாலோ, அடுத்த தோட்டா ஏறாவிட்டாலோ உடனே பிரித்துப் போடாதீர்கள். குழாய் முனையைப் பாதுகாப்பான பக்கம் வைத்து, தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணால் பாருங்கள். பிறகு தோட்டாவை அறைக்குள் தள்ளும் போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு, மேகசினை மாற்றிப் பார்ப்பது. பாதிக் கோளாறு அதிலேயே தீரும். தீராவிட்டால் மேகசினில் ஒரே தோட்டா போட்டுச் சுடுங்கள். கடைசித் தோட்டா சுட்டதும் போல்ட் பின்னால் போய் அப்படியே நிற்க வேண்டும்; நல்ல மேகசினாக இருந்தும் நிற்காவிட்டால், அதைத் தள்ளும் வெடிவாயு போதவில்லை என்று சந்தேகப்படலாம். நான் முதன்முறை போனபோது .300 பிளாக்அவுட் என்ற தோட்டா அளவுக்கான துப்பாக்கியில், ஒலியைவிட மெதுவாகப் போகும், சத்தம் குறைந்த சப்சோனிக் தோட்டா போட்டிருந்தோம்; ஒவ்வொரு வெடிக்கும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டியிருந்தது. வேகமான, 110 கிரெய்ன் (சுமார் 7 கிராம்) எடைக் குண்டுள்ள தோட்டாவுக்கு மாறியதும் ஒழுங்காக ஓடியது.

"டப்" என்று சத்தம் சப்பையாக வந்தால் மட்டும் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழாய்க்குள்ளேயே நிற்கலாம்.

தோட்டா வாங்கும்போது, பயிற்சிக்கு வாங்கும், முழுக்க உலோக உறை போட்ட குண்டு பன்றிக்கு ஆகாது. துளைத்துக்கொண்டு போய்விடும், அடிபட்டது புதருக்குள் ஓடிக் கிடந்து சாகும். கிழட்டு ஆண்பன்றிக்குத் தோளில் கெட்டியான தோல்கவசம் உண்டு. .223 அளவுத் துப்பாக்கி என்றால் 62, 64 கிரெய்ன் எடையில் பாண்டட் சாஃப்ட் பாயின்ட் (உறையோடு ஒட்டிய, முனையில் மெதுவான ஈயம் தெரியும் குண்டு); பெரிய .308 இருந்தால் 150 கிரெய்ன் போதும். .300 பிளாக்அவுட் தோட்டாவும் .223 தோட்டாவும் ஒரே மேகசினில் ஏறும் என்பதால், ஒரே பையில் இரண்டையும் போடாதீர்கள். பிளாக்அவுட் தோட்டா மாறி .223 துப்பாக்கிக்குள் போய், அதைச் சுட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம்.

அறுக்கும்போது கையுறை போடுங்கள், புருசெல்லா கிருமி ரத்தத்தில் இருக்கலாம். கறி உள்ளே 71 டிகிரி செல்சியஸ் சூடு வரும்வரை வேக வேண்டும். எங்கள் வீட்டுக் குக்கர் அதை நாலு விசிலில் முடித்துவிடுகிறது.