வெப்பக் கடலின் ஆழமற்ற நீருக்கு ஃப்ளை லைன் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஃப்ளை தூண்டிலில் எடையைச் சுமப்பது லைன்தான். மற்ற முறைகளில் ஈயக்குண்டோ, லூர் என்னும் கனமான செயற்கை இரையோ முன்னால் பறந்து மெல்லிய நரம்பைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. இங்கே இறகும் நூலும் கட்டிச் செய்த ‘ஃப்ளை’ என்னும் போலி இரைக்குச் சொல்லத்தக்க எடை இல்லாததால், தடித்த லைன் காற்றில் மடிந்து விரிந்து அதை மீனின் முன்னால் கொண்டுபோய் இறக்குகிறது. தூண்டில் கோலான ராட்டுக்குப் பெரும்பணத்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் கிடைத்த லைனை வாங்குவது தவறான வரிசை என்பது என் உறுதியான கருத்து. நடுத்தர விலை ராட்டில் பொருத்தமான லைன் இருந்தால் வீச்சு அமையும். உயர்ந்த ராட்டில் பொருந்தாத லைன் இருந்தால் எவ்வளவு பழகியும் அமையாது.

சென்னையில் இருந்துகொண்டு இந்தத் தூண்டிலைப் பழகுபவர்களுக்கு இரண்டு வகை நீர் முன்னால் இருக்கிறது. பழவேற்காடு ஏரியும் முட்டுக்காட்டுக் கழிமுகமும் போன்ற உவர்நீர்ப் பரப்புகள் ஒன்று. மடவைக் கூட்டத்தைத் துரத்திவரும் கொடுவாதான் அங்கே நாம் நாடும் மீன். விமானம் ஏறிச் சென்று சேரும் அந்தமான், மாலத்தீவு போன்ற இடங்களின் பவளத் திட்டுகளும் மணல் திட்டுகளும் மற்றொன்று. அங்கே ‘ஜெயன்ட் ட்ரெவலி’ எனப்படும் பெரும் பாறை மீனும், போன்ஃபிஷ் உள்ள இடங்களில் அதுவும் முழங்கால் அளவு நீருக்கு இரை தேடி வரும். இரண்டு இடங்களுக்கும் பொதுவானவை மூன்று: வெப்பம், காற்று, ஆழமின்மை. லைனைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே வரிசையில் யோசிப்பது நல்லது.

வெப்பத்தை முதலில் வைப்பதற்குக் காரணம் லைனின் கட்டமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு ஃப்ளை லைனுக்குள்ளும் வலிமையைத் தரும் உள்நூல் ஒன்று உண்டு. அதன்மேல் பெரும்பாலும் பிவிசியாலும், ஏர்ஃப்ளோ போன்ற சில நிறுவனங்களின் லைன்களில் பாலியூரித்தேனாலும் ஆன மேற்பூச்சு இருக்கும். ட்ரவுட் மீனுக்காகச் செய்யப்படும் லைன்கள் குளிர்ந்த ஓடைகளில் விறைத்துச் சுருளாமல் இருக்க வேண்டும் என்பதற்காக இந்த இரண்டையும் இளக்கமாக அமைக்கிறார்கள். அதே லைனைச் சித்திரை வெயிலில் முட்டுக்காட்டுக்குக் கொண்டுவந்தால், மேற்பூச்சு வெயிலில் வைத்த மெழுகுவத்தி போல நெகிழ்ந்து, ராட்டின் வளையங்களில் ஒட்டி உரசி, வீசிய வேகத்தில் பாதியைத் தின்றுவிடும். வளையங்களுக்கு நடுவே லைன் தொய்வதால், கையிலிருந்து நழுவிப் பறக்க வேண்டிய பகுதி பறக்காமல் நின்றுவிடுகிறது. படகின் தளத்தில் கிடக்கும் சுருள்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தொடக்கநிலையினர் பலர் இதைத் தம் கைப்பழக்கத்தின் குறை என்றே நினைத்து வருந்துகிறார்கள். குறை பெரும்பாலும் லைனில் இருக்கிறது.

ஆகவே பெட்டியின் மேல் முதலில் தேட வேண்டிய சொல் ‘டிராபிகல்’ என்பது. ‘சால்ட்வாட்டர்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது போதாது. குளிர்கடலில் பிடிக்கும் மீன்களுக்கான லைன்களும் அந்தப் பெயரில்தான் விற்கப்படுகின்றன. டிராபிகல் லைனில் உள்நூல் விறைப்பானது. ஒற்றை நைலான் நரம்பாகவோ, நைலான் நரம்புகளைப் பின்னிய நூலாகவோ இருக்கும். மேற்பூச்சும் கடினமானது. இவற்றில் பல ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்துக்கென்றே செய்யப்படுகின்றன, சில நிறுவனங்கள் அந்த வெப்ப அளவைப் பெட்டியிலேயே குறிப்பிடுகின்றன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிரூட்டிய கடைக்குள்ளோ அறைக்குள்ளோ டிராபிகல் லைனைப் பிரித்துப் பார்த்தால் அது கம்பி போல விறைத்து, சுற்றி வைத்த வடிவத்திலேயே நிற்கும். அதைக் கண்டு, தரமில்லாத சரக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. வெளியே நிழலில் கால்மணி நேரம் வைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தால் அதன் உண்மையான தன்மை தெரியும். மார்கழி, தை மாத விடியலில் பழவேற்காட்டில் இறங்கும்போதும் இந்த விறைப்பு சற்றுத் தென்படும். லைனின் ஒரு முனையை நண்பரிடம் கொடுத்து, இருபது மீட்டர் அளவுக்கு விரித்து, இருவரும் சில நொடிகள் சீராக இழுத்துப் பிடித்தால் சுருள் நீங்கிவிடும்.

அடுத்தது எடை எண். ராட்டின் அடிப்பகுதியில் 8 என்றோ 9 என்றோ எழுதியிருக்கும். லைன் பெட்டியிலும் அதே எண் இருக்கும். இந்த எண்ணுக்கு ஒரு வரையறை உண்டு: நுனியில் ஒரே தடிமனாக இருக்கும் சிறு பகுதியை விட்டுவிட்டு, லைனின் முதல் 30 அடியின் எடையை, அதாவது 9.14 மீட்டரின் எடையை, கிரெயின் என்னும் சிறிய எடை அலகில் நிறுத்துச் சொல்வார்கள். 8ஆம் எண்ணுக்கு 210 கிரெயின், 9ஆம் எண்ணுக்கு 240, 10ஆம் எண்ணுக்கு 280, 12ஆம் எண்ணுக்கு 380 என்பவை நிர்ணயிக்கப்பட்ட அளவுகள். கிராமில் சொன்னால் இவை முறையே ஏறத்தாழ 13.6, 15.6, 18.1, 24.6 ஆகும். சிக்கல் என்னவென்றால், இன்றைய ராட்டுகள் பல விறைப்பாகச் செய்யப்படுவதால், அவற்றை எளிதில் வளைப்பதற்காக நிறுவனங்கள் அரை எண்ணோ ஒரு முழு எண்ணோ கூடுதலான எடையில் லைனைச் செய்து, பழைய எண்ணையே பெட்டியில் அச்சிடுகின்றன. 8 என்று எழுதியிருக்கும் லைன் உண்மையில் 9ஆக இருக்கலாம்.

இது ஏமாற்று வேலை இல்லை; பல நிறுவனங்கள் கிரெயின் கணக்கைப் பெட்டியிலோ இணையதளத்திலோ வெளிப்படையாகவே தருகின்றன. ஆனால் வாங்குபவர் அதைப் படித்தாக வேண்டும். எண்ணைப் பார்க்காதீர்கள், கிரெயினைப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். எடை கூடிய லைன், பத்துப் பன்னிரண்டு மீட்டர் தொலைவில் திடீரென்று தோன்றும் மீனுக்கு விரைவாக வீச உதவும். ராட் சட்டென்று வளைந்து வேலை செய்யும். அதே லைனை இருபது மீட்டருக்கு வீச முயன்றால் ராட் தாங்கும் அளவை மீறிவிடுவதோடு, நீரில் விழும்போது எழும் ஓசையும் அதிகமாகிவிடும். போன்ஃபிஷ் போன்ற கூச்சமுள்ள மீனுக்கு அந்த ஓசை ஒன்றே போதும், திட்டிலிருந்து மறைந்துவிடும். பெட்டியில் விவரம் இல்லாத லைன் கைக்கு வந்தால், சவுகார்பேட்டையில் நகைவேலைக்கு விற்கும் சிறிய மின் தராசில் முதல் 9.14 மீட்டரைச் சுருட்டி வைத்து நிறுத்துப் பார்க்கலாம். மீதி லைனை அறுக்க வேண்டியதில்லை, தட்டுக்கு வெளியே தளர்வாகத் தாங்கிப் பிடித்தால் போதும். கிராமை 15.43ஆல் பெருக்கினால் கிரெயின் கிடைக்கும்.

எந்த எண் என்று கேட்பவர்களுக்கு: கொடுவாவுக்கும் போன்ஃபிஷ்ஷுக்கும் பொதுவாக 8, காற்று வலுத்த இடங்களுக்கு 9. பெரும் பாறை மீனுக்கு 12க்குக் குறைந்து போகக் கூடாது.

காற்று என்று வரும்போது லைனின் வடிவம் பேச்சுக்கு வருகிறது. கோடையில் சென்னைக் கரையில் முற்பகல் கடந்ததும் கடலிலிருந்து காற்று எழுந்து, பிற்பகல் முழுவதும் வீசும். கிழக்கு நோக்கி நின்று வீசினால் அது முகத்தில்தான் அடிக்கும். தீவுகளின் திட்டுகளிலோ காற்றில்லாத நாளே அரிது. கடல் லைன்கள் பெரும்பாலும் ‘வெயிட் ஃபார்வர்ட்’ வகையைச் சேர்ந்தவை, அதாவது எடையின் பெரும்பகுதி முன்னால் உள்ள தலைப்பகுதியில் குவிந்திருக்கும், அதற்குப் பின்னால் மெல்லிய பகுதி வரும். தலைப்பகுதியின் நீளமும், அதன் முன்புறம் நுனி நோக்கி மெலிந்து செல்லும் சரிவின் நீளமும்தான் லைனுக்கு லைன் வேறுபடுகின்றன. சரிவு நீண்டால் வேகம் படிப்படியாகத் தணிந்து போலி இரை மெதுவாக இறங்கும். சரிவு குறுகினால் வேகம் கடைசிவரை நிற்கும், எதிர்க்காற்றிலும் பெரிய ஃப்ளை நேராக விரிந்து விழும், ஆனால் விழும் ஓசை பெரிது.

தலைப்பகுதி ஒன்பது மீட்டரை ஒட்டிக் குறுகலாக இருந்தால் ஒரே பின்வீச்சில் எறிந்துவிடலாம். பதின்மூன்று மீட்டரை ஒட்டி நீண்டிருந்தால் லைனைக் காற்றில் தாங்கியபடியே திசையை மாற்றலாம், தொலைவில் குறியும் தப்பாது. கடைக்காரர்கள் குறுகிய தலையைத் தொடக்கநிலையினருக்குப் பரிந்துரைப்பது வழக்கம். நான் அதற்கு முழுமையாக உடன்படவில்லை. குறுகிய தலையில் பழகுபவர் எடையை எறியப் பழகுகிறாரே தவிர, லைனைக் காற்றில் தாங்கப் பழகுவதில்லை. பதினொன்று அல்லது பன்னிரண்டு மீட்டர் அளவிலான நடுத்தரத் தலையும், அளவான முன்சரிவும் கொண்ட லைன் இரண்டுக்கும் இடம் தரும், முதல் லைனாக அதையே வாங்கச் சொல்வேன். கொடுவாவுக்குக் கட்டும் பெரிய, காற்றை வாங்கும் ஃப்ளைகளை மட்டுமே வீசப் போகிறீர்கள் என்றால் குறுகிய சரிவு சரியானது.

மிதக்கும் லைனா, மூழ்கும் லைனா என்ற கேள்விக்கு விடை எளிது. முழங்கால் அளவு நீருக்கு மிதப்பதுதான் வேண்டும். தரையில் கிடக்கும் பவளமும் சிப்பியும் மூழ்கும் லைனை அறுத்துவிடும், மீனைக் கண்டவுடன் எடுத்து மறுபடி வீசவும் மூழ்கிய லைன் இடம் தராது. உப்புநீர் நன்னீரைவிட இரண்டு மூன்று விழுக்காடு அடர்த்தி மிகுந்தது என்பதால் மிதக்கும் லைன் கடலில் இன்னும் சற்று நன்றாகவே மிதக்கும். ‘இன்டர்மீடியட்’ எனப்படும் மெதுவாக மூழ்கும் வகை நொடிக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் இறங்கும். முகத்துவாரத்தின் ஆழமான கால்வாயில் ஓதம் வற்றும்போது கொடுவாவைத் தேட அது பயன்படும். காற்று கிளப்பும் அலைகளுக்கு அடியில் நேராகக் கிடக்கும் என்பதும் அதன் நற்குணம். இரண்டாவது லைனாக வாங்கத் தக்கது அது.

உள்நூலின் வலிமையைப் பலர் பார்ப்பதே இல்லை. சாதாரணக் கடல் லைனில் அது 30 பவுண்டை ஒட்டி இருக்கும். முன்னால் கட்டும் லீடர் நரம்பின் மிக மெல்லிய பகுதி இதைவிட வலிமை குறைந்ததாக இருந்தால்தான், மீன் சிக்கலில் மாட்டி அறுபட நேரும்போது நரம்பு அறும், லைன் பிழைக்கும். பெரும் பாறை மீனுக்கு 80, 100 பவுண்டு நரம்பு கட்டுவார்கள் என்பதால், அதற்கென்று செய்யும் 12 எண் லைன்களில் உள்நூலையே தடிமனாக்கியிருப்பார்கள். அந்தப் பயணத்துக்கு வாங்கும்போது இந்தக் கணக்கைப் பெட்டியில் தேடிப் படியுங்கள். லைனுக்குப் பின்னால் ரீலில் சுற்றும் பேக்கிங் நூலும் லீடரைவிட வலிமையானதாக இருக்க வேண்டும். 8ஆம் எண்ணுக்கு 20 அல்லது 30 பவுண்டு டாக்ரான் என்னும் பாலியஸ்டர் நூல் 150 மீட்டர் போதும்.

நிறத்தைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. மணல் நிறமோ வெளிர்நீலமோ நல்லது. மீனின் தலைக்கு மேலாக வீசாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

நம் ஊரில் ஃப்ளை லைன் எந்தக் கடையிலும் கிடைக்கும் பொருளாக இல்லை. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறோம், சுங்கவரியும் சேர்கிறது. ஆகவே வாங்கியதைக் காப்பதும் தேர்வின் ஒரு பகுதியே. பிவிசி மேற்பூச்சை இளக்கமாக வைத்திருக்கும் வேதிப்பொருள் வெப்பத்தில் மெல்ல வெளியேறிவிடும், வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் ரீலை விட்டுவைத்தால் அது விரைவாகவே நடக்கும். டீட் கலந்த கொசு விரட்டியும் சன்ஸ்கிரீனும் பட்ட கையால் லைனைத் தொடக் கூடாது; கொசு மிகுந்த கழிமுகங்களில் இது எளிதன்று, இருந்தாலும் விரட்டியைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டு உள்ளங்கையைச் சோப்பால் கழுவிவிட்டால் போதுமானது. வீடு திரும்பியதும் லைனை ரீலிலிருந்து உருவி, மென்மையான சோப்பு கலந்த நன்னீரில் ஊறவைத்து, துணியால் துடைக்க வேண்டும். வீச்சுப் பழகக் கடற்கரை மணலைத் தேர்ந்தெடுக்காதீர்கள், மணல் மேற்பூச்சை அராவிவிடும், புல்தரையே நல்லது.

பழவேற்காட்டில் வீசுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே எந்த இடத்தில் யார் வலை இடுவது என்பதை மீனவக் குடும்பங்கள் ‘பாடு’ முறையில் தமக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. ஏரியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயமும்கூட. கரையில் கேட்டு, இடமறிந்து, வலைகளுக்கு அப்பால் நின்று வீசுவதுதான் முறை. வலையில் சிக்கிய லைனை இழுத்து எடுக்கும்போது அவர்களுடைய வலையும் கிழியும், நம் மேற்பூச்சும் உரியும்.

லைனை எப்போது மாற்றுவது என்பதைத் தலைப்பகுதியே சொல்லும். முதல் ஒன்பது மீட்டரை விரல்களுக்கு நடுவே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நுண்ணிய வெடிப்புகள் நகத்தில் தட்டினால் உப்புநீர் உள்நூலுக்குள் புகத் தொடங்கிவிட்டது என்று பொருள், நுனி மிதக்காமல் அமிழும், அந்த லைனைப் புல்தரைப் பழக்கத்துக்கு ஒதுக்கிவிடலாம். வெடிப்பு பின்பகுதியில் கடைசிச் சில மீட்டரில் மட்டும் இருந்தால் அதை அறுத்துவிட்டு, பேக்கிங்கோடு மறுபடி இணைத்துப் பயன்படுத்தலாம்.