மோட்டார்ஹோம் முன்கண்ணாடி ட்ரிம் மாற்றும்போது துருவை முதலில் பாருங்கள்

உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டியான மோட்டார்ஹோமின் முன்கண்ணாடியைச் சுற்றி ஓடும் ட்ரிம் பட்டை நாளாவட்டத்தில் வெயிலில் காய்ந்து சுருங்கிவிடும். மூலைகளில் பள்ளத்தை விட்டு எழும்பி நிற்கும். இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் இடைவெளி விழும். பார்க்க நன்றாக இல்லை என்றுதான் பலரும் புதுப் பட்டை வாங்கக் கிளம்புகிறார்கள். அதைவிடப் பெரிய கவலை, அந்த இடைவெளி வழியாக எத்தனை மழைக்காலத் தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்பதுதான். பட்டையைப் பொருத்துவது சுலபம். அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்துக்குத்தான் நேரம் வேண்டும், அந்த நேரத்தைத் தயங்காமல் கொடுங்கள்.

உங்கள் கண்ணாடி எந்த வகை?

முன்கண்ணாடி இரண்டு விதமாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்றில், கண்ணாடியின் விளிம்பைத் தடித்த ரப்பர் பீடிங் கவ்விப் பிடித்திருக்கும். பீடிங்கின் வெளிமுகத்தில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் ட்ரிம் பட்டை. இங்கே பட்டை வெறும் அலங்காரம் அல்ல. அது உள்ளே நுழைந்து ரப்பரை விரிப்பதால்தான் ரப்பர் கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் பட்டையைக் கழற்றிய நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

இன்னொன்றில், பாலியூரித்தேன் பசையால் கண்ணாடி நேராகச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடி ஓரத்தில் உட்புறம் கறுப்புப் பட்டை அச்சிடப்பட்டிருந்து, உள்பக்கம் ரப்பர் எதுவும் தெரியாவிட்டால் பெரும்பாலும் இந்த வகைதான். இதில் ட்ரிம்மை மட்டும் நீங்கள் மாற்றலாம். பசையை அறுத்துக் கண்ணாடியை எடுக்கும் வேலை கண்ணாடிக்காரர்களுடையது. கீழே சொல்வதெல்லாம் முதல் வகைக்கு.

துரு ஏன் இவ்வளவு முக்கியம்?

இரும்பு துருவாக மாறும்போது அது அடைக்கும் இடம் பல மடங்கு பெருகும். ரப்பருக்கு அடியில் அப்படி உப்பிய துரு, கண்ணாடியின் ஓரத்தை விடாமல் நெருக்கிக்கொண்டே இருக்கும். கல் எதுவும் படாமலே ஒருநாள் ஓரத்திலிருந்து ஒரு விரிசல் கிளம்பினால், இதையும் சந்தேகப்பட வேண்டும். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. ஓரத்தில் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருந்தால் அந்தப் படலம் விட்டுப்போய், விளிம்பு பால் நிறத்தில் மங்கும். தண்ணீர் கீழே வந்து நிற்பதால், அடி விளிம்பும் அதன் இரண்டு மூலைகளும்தான் முதலில் கெடும். ஆராய்ச்சியை அங்கிருந்தே தொடங்குங்கள்.

பட்டையைக் கழற்றுதல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். வண்டியை மட்டமாக நிறுத்த உதவும் லெவலிங் ஜாக்கில் ஒரு பக்கம் தூக்கி நின்றால் உடற்கூடு லேசாக முறுக்கிக்கொள்ளும், கண்ணாடி பள்ளத்திலிருந்து நழுவ அதுவே போதும். பட்டையின் முனைகள் சேரும் இடத்தைத் தேடி, பிளாஸ்டிக் ஆப்பால் நெம்பி, மெதுவாக இழுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். ரப்பரைக் கிழிக்கும், பெயின்ட்டைக் கீறும், அடுத்த துரு அந்தக் கீறலில்தான் பிறக்கும்.

பழைய பட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். புதியதை வாங்கும்போது அகலம் மட்டும் பொருந்தினால் போதாது, குறுக்குவெட்டு வடிவமும் அதேதானா என்று இந்தத் துண்டை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே பார்த்தல்

ரப்பரின் வெளி உதட்டைப் பிளாஸ்டிக் ஆப்பால் தூக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு முழ நீளத்துக்கு மேல் ஒரே நேரத்தில் தூக்க வேண்டாம், மற்ற பகுதி கண்ணாடியைப் பிடித்திருக்கட்டும். ரப்பரே வெடித்து விறைத்துப் போயிருந்தால் பட்டையை மட்டும் மாற்றிப் பயனில்லை, பீடிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதற்குக் கண்ணாடியை இறக்கியாக வேண்டும்.

பெயின்ட் உப்பியிருக்கும் இடத்தைக் கூர்மையான ஊசியால் குத்திப் பாருங்கள். மேலாகச் செம்பழுப்பாக இருந்து அடியில் தகடு கெட்டியாக இருந்தால் நீங்களே சரிசெய்யலாம். ஊசி தகட்டைத் துளைத்து இறங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கண்ணாடியை இறக்கி, அழுகிய இரும்பை வெட்டி, வெல்டிங் செய்ய வேண்டிய நிலை அது. ஓட்டையின் மேல் பட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பதால் எதுவும் நிற்காது.

துருவை எடுத்தல்

முதலில் முழுக்கக் காய வேண்டும். உதட்டுக்கு அடியில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைச் செருகித் தூக்கி வைத்து, மின்விசிறியோ ஹேர் டிரையரின் மிதமான சூடோ கொடுங்கள். ஈரத்தின் மேல் செய்யும் எந்த வேலையும் நிலைக்காது.

கண்ணாடி ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் கெட்டி அட்டை வையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். கம்பி பிரஷ், சுரண்டி, பிறகு 80 எண் உப்புத்தாள் என்று கையாலேயே செய்யுங்கள். ஆங்கிள் கிரைண்டரைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம். அதன் தீப்பொறிகள் கண்ணாடியில் பதிந்து புள்ளி புள்ளியாக நிற்கும், துடைத்தாலும் போகாது. இரும்புக் கம்பளியும் வேண்டாம், அதிலிருந்து உதிரும் துகள்களே பிறகு துருப்பிடிக்கும்.

துரு எப்போதும் கண்ணுக்குத் தெரிவதைவிடச் சற்றுத் தள்ளிப் பெயின்ட்டுக்கு அடியில் ஊர்ந்திருக்கும். ஆகவே பெயின்ட் உறுதியாக ஒட்டியிருக்கும் இடம் வரும்வரை சுரண்டுங்கள். அப்புறம் 180 எண் தாளால் ஓரங்களைச் சரிவாக்கி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள்.

குழிகளுக்குள் எட்டாத துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசலாம். துருவோடு வினைபுரிந்து அது கறுத்துப்போகும். ஒரு எச்சரிக்கை: பாஸ்பாரிக் அமிலம் உள்ள கன்வெர்ட்டரின் மிச்சத்தின் மேல் எபாக்ஸி பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) சரியாக ஒட்டாமல் போகலாம். இரண்டு டப்பாக்களின் குறிப்பையும் வாங்கும் முன்பே படித்துப் பொருத்தம் பாருங்கள்.

வெறும் இரும்பு காற்றில் சீக்கிரமே மறுபடி துருப்பிடிக்கும். அதனால் துடைத்த அன்றே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். மெல்லிய இரண்டு பூச்சு, மேலே பெயின்ட். தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் அல்ல. டப்பாவில் சொன்ன முழு நேரமும் காத்திருந்து, பிறகுதான் குழாய்த் துண்டுகளை எடுத்து ரப்பரை இறக்குங்கள். வேலை முடியும்வரை சிலிக்கான் ஸ்பிரே எதுவும் பக்கத்தில் வேண்டாம், அது பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது.

சீலன்ட்

இடைவெளியை அடைக்க, வினிகர் வாசனை அடிக்கும் சாதாரண சிலிக்கான் இங்கே கூடவே கூடாது. அது காயும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் இரும்பை அரிக்கும். இறுகிப்போகாத பியூட்டைல் வகை சீலன்ட்டை, ரப்பருக்கும் உடற்கூட்டுக்கும் நடுவிலும் ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவிலும் மெல்லிய கோடாக விடுங்கள். பீடிங்கின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வடியத் துளைகள் இருந்தால் அவற்றை அடைத்துவிடாதீர்கள்.

புதுப் பட்டை

சுருளைப் பிரித்து வெயிலிலோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ கொஞ்ச நேரம் போட்டால் இளகிவிடும். பள்ளத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், கிரீஸும் ஆயிலும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். வளையமாக முனை உள்ள லாக் ஸ்ட்ரிப் டூலில் பட்டையைக் கோத்து, பள்ளத்தின் உதடுகளை விரித்தபடி நகர்த்துங்கள்.

தொடக்கத்தை மூலையில் வைக்காமல் நேரான பகுதியில் வையுங்கள். ரப்பர் பீடிங்கின் சொந்த இணைப்பு இருக்கும் இடத்தையும் தவிர்த்துவிடுங்கள். போகப்போகப் பட்டையை இழுக்காதீர்கள், ஒவ்வொரு சாண் தூரத்துக்கும் வந்த வழியே லேசாகப் பின்னுக்குத் தள்ளி நெருக்கிவிடுங்கள். இழுத்துப் போட்ட பட்டை சில வாரத்திலேயே பழைய நீளத்துக்குத் திரும்பி, அதே இடைவெளியைக் காட்டும். முனையைக் கொஞ்சம் கூடுதலாக விட்டு, ஒரு இரவு கழித்து வெட்டி, நெருக்கமாகச் செருகுங்கள்.

சோதித்தல்

ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். வெளியே ஹோஸ் பைப்பை மெல்லத் திறந்து, அடி விளிம்பில் தொடங்கிப் படிப்படியாக மேலே போங்கள். மேலிருந்து அடித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து, கசிவது எங்கே என்று பிடிபடாது. பிரஷர் வாஷர் வேண்டாம்.

எல்லாத் துருவும் வெளியிலிருந்து வருவதில்லை. குளிர்ந்த இரவில் உள்ளே தூங்கினால் மூச்சின் ஈரம் கண்ணாடியில் படிந்து, வழிந்து, டாஷ்போர்டு ஓரத்தில் போய்த் தேங்கும். காலையில் அதைத் துடைத்துவிடுங்கள். வண்டி நிற்கும் காலத்தில் முன்கண்ணாடிக்கு வெளிப்பக்க உறை போட்டால் பட்டைக்கு வெயில் குறையும். ஆனால் கண்ணாடியும் பட்டையும் காய்ந்த பிறகே உறையைப் போடுங்கள்.